ஈர்க்கு இழுத்த நீலக் கோடு

எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது. பெற்று வளர்த்தது மூன்று பேர். பெறாமல் வளர்த்ததற்குக் கணக்கில்லை; அவையெல்லாம் ஆட்டு மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த துண்டுகள். வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, ஈரம் காயாமல், அழுகாமல், நாள்கணக்கில் உயிரோடு வைத்திருப்பேன். அந்தக் கவனிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். இல்லை என்று நான் மறுப்பதில்லை.

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் இப்போது இருக்கும் பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். செல் எல்லாம் இப்போது உறையவைத்த புட்டியில் வெளியூரிலிருந்து வந்து இறங்கிவிடுகிறதாம். "நெஜமாவே கறிக்கடையில போயி நின்னீங்களாம்மா?" என்று ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். நின்றேன். பதினேழு வருஷம் நின்றேன். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி கயல்விழி எழுதுகிறாள்.

எங்கள் மாவட்டம் வட ஆர்க்காட்டிலிருந்து தனியாகப் பிரிந்த வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்தே வருவேன். கூட்டிப் பெருக்கத்தான் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் கண்ணாடிக் குழாய் கழுவக் கொடுத்தார்கள். குழாய்த் தண்ணீரில் ஆறு தரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம், பிறகு ஆள் இடுப்புயரக் குக்கரில் வைத்து ஆவி காட்ட வேண்டும். அஞ்சலை கழுவியது என்றால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை.

கூடத்துக்குத் தலைவர் எங்கள் ஐயா. வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர். மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு வாரம் லீவில் வந்தார். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் "அஞ்சலை, இங்க வாங்க" என்பார். கோபமாக இருந்தால் "அஞ்சலை அம்மா, கொஞ்சம் சிரமம் பாக்காம இங்க வர முடியுங்களா" என்பார். அப்போது எல்லோரும் அவரவர் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அவர் மேசைக்கு எதிரே ஒரு மர நாற்காலி இருந்தது. ஏதாவது தப்பாகப் போனால், சம்பந்தப்பட்ட ஆளை அதில் உட்காரவைப்பார். பென்சிலைச் சீவுவார். சீவி முடிக்கும் வரை பேச மாட்டார். பிறகு நோட்டைத் திறந்து, "காலையிலேருந்து செஞ்சத வரிசையா சொல்லுங்க" என்பார். சொல்லச் சொல்ல நம்பர் போட்டு எழுதுவார். "மனுஷன் தப்பு பண்ணலாம். நோட்டு தப்பு பண்ணக் கூடாது" என்பது அவர் பேச்சு. திட்டு அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

நான் பழகிய வேலையைச் சொல்கிறேன். விடியற்காலை ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்க்கோடு பாய் கடைக்குப் போய் நிற்பேன்.

"ஊரே தொடைக்கறி கேக்குது, நீ ஒருத்திதான் தொண்டைய கேக்கற" என்பார் பாய்.

"தொடையில மூச்சு வராது பாய். சீக்கிரம் குடுங்க, ஐஸ் கம்மியா இருக்கு."

"உங்க டாக்டருக்குச் சூப்பு வைக்கத்தானே? உண்மைய சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

முக்கால் மணி நேரத்துக்குள் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். மூச்சுக்குழாய்க்கு முன்பக்கம் கெட்டியான வளையங்கள், பின்பக்கம் வெறும் சதை. வளையத்தை வெட்டக் கூடாது. பின்பக்கச் சதையோடு கத்தரியை ஓட்டி, புத்தகம் போல விரிக்க வேண்டும். மெழுகு ஊற்றிய தட்டில் உட்பக்கம் மேலே பார்க்க வைத்து, நாலு மூலையிலும் ஊசி குத்த வேண்டும். உப்புத் தண்ணீரை ஓரத்திலிருந்து விட்டு மூன்று தரம் அலச வேண்டும். உட்பக்கத்தில் விரல் படவே கூடாது.

முதல் தரம் விரித்தபோது ஐயா ஒரு பொட்டுக் கரித்தூளை அதன்மேல் வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கரித்தூள் தானாக நகர்ந்து வாய்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. செத்த ஆட்டின் தொண்டை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் தூசியைத் தள்ளித் தள்ளி வெளியே பெருக்கிக்கொண்டிருந்தன.

"எனக்கு முன்னாடியே இங்க பெருக்க ஆளு இருக்குதே ஐயா" என்றேன். அவர் அதையும் நோட்டில் எழுதினாரோ என்னவோ, பென்சில் நகர்ந்தது.

இனி தேன்மொழி. கீழ்பென்னாத்தூர்ப் பெண். வீட்டில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பயிர் வைப்பார்கள். திங்கட்கிழமைதோறும் ஒரு பை வறுத்த மல்லாட்டையோடு வந்து இறங்குவாள். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் பாப்பா என்பேன், அவள் அஞ்சலம்மா என்பாள். அவள் ஆராய்ச்சியை எனக்கு அவளே விளக்கியிருக்கிறாள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே செல்லுக்குள் ஒரு சேதி தப்பாக எழுதியிருக்கும். அதனால் நுரையீரலில் சளி பிசினாக இறுகிப்போகும். சரியான சேதியை அந்தச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். யார் கொண்டுபோவது? செல்லுக்குள் நுழைவதில் சளிக்காய்ச்சல் வைரஸை விடக் கெட்டிக்காரன் உண்டா? அதன் பல்லைப் பிடுங்கிவிட்டு, வயிற்றில் நல்ல சேதியை வைத்து அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

சோதனைக்கு நல்ல சேதிக்குப் பதில் ஓர் அடையாளச் சேதி வைப்பார்கள். வைரஸ் செல்லுக்குள் போயிருந்தால், இரண்டு நாள் கழித்துச் சாயம் ஊற்றும்போது அந்தச் செல் நீலமாகும். போகவில்லையென்றால் ஆகாது.

தட்டில் தனியாகப் பரப்பி வளர்த்த செல்லில் அழகாக நீலம் வந்தது. என் தொண்டைத் துண்டில் வரவில்லை. நாலு வருஷம் ஒரு பொட்டு நீலம்கூட வரவில்லை. வைரஸ் பெங்களூரிலிருந்து புகைவிடும் ஐஸில் வரும். அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இனி அனுப்ப இயலாது என்று எழுதிவிட்டார்கள். உறைபெட்டியில் மிச்சம் மூன்று குழாய் வைரஸ்.

"இந்த மூணுலயும் வரலைன்னா தலைப்ப மாத்திடலாம்" என்று ஐயா சொல்லிவிட்டார். தலைப்பை மாற்றினால் நாலு வருஷம் போய்ச்சேர்ந்தது; முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேன்மொழி அன்றைக்கு மல்லாட்டையை உரித்து உரித்து மேசைமேல் குவித்தாளே தவிர ஒன்றையும் வாயில் போடவில்லை.

முதல் குழாயை எடுக்க வேண்டிய நாள் பௌர்ணமியாக அமைந்தது. பாய் அன்றைக்குக் காலையில் ஆடு அறுக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காக மூன்று மணிக்குத்தான் அறுத்தார். நான் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் ஆட்டோ ஒன்றும் ஓடவில்லை. ஊரே கிரிவலத்துக்கு இறங்கிவிட்டது. கூட்டத்தோடு நடந்தேன். அவர்கள் மலையைப் பார்த்து நடந்தார்கள், நான் கடைகளில் தெரிந்த கடிகாரங்களைப் பார்த்து நடந்தேன்.

பக்கத்தில் வந்த ஓர் அம்மாள், நெற்றி நிறைய விபூதி, என் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தார். "அபிஷேகத்துக்குப் பாலுங்களா?"

"இல்லைங்கம்மா. ஆராய்ச்சிக்கு."

"யாரு ஆச்சி?"

"யாரும் இல்லைங்கம்மா, வழி விடுங்க, ஐஸ் உருகுது."

"ஐஸ்கிரீமா? இந்த வயசுல உங்களுக்கு ஒத்துக்குதா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணாமலையாரே, தொண்டையோடு உம்மைச் சுற்றுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஓடி என்ன? கூடத்துக்கு வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஐஸ் தண்ணீராகிவிட்டது. விரித்துப் பார்த்தால் உட்பக்கம் முழுக்கச் சளி, கஞ்சி ஆடை கட்டியது போல. மூன்று தரம் அலசியும் போகவில்லை.

அப்போதுதான் அதைச் செய்தேன். கண்ணாடிக் குழாய்களில் அடைத்த பஞ்சைக் குத்தி எடுக்க, புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவி, குக்கரில் ஆவி காட்டிக் கட்டி வைத்திருப்பேன். அதில் ஒன்றை எடுத்து வளைத்தேன். காலையில் நாக்கு வழிப்போமே, அதேபோல மேலிருந்து கீழாக ஒரு வழி வழித்தேன். சளி திரண்டு வந்தது. இரண்டாவது வழிக்கு ஈர்க்கை வைக்கும்போது, "அஞ்சலம்மா, ரெடிங்களா?" என்று தேன்மொழி கதவைத் திறந்தாள். ஈர்க்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு தட்டை நீட்டினேன். தாமதமாகக் கொண்டுவந்தேன் என்பதே எனக்கு வெட்கம். அதற்குமேல் இதை எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்துச் சாயம் ஊற்றினாள். மறுநாள் காலை நான் தரை பெருக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு கூப்பாடு. ஓடினேன். வெள்ளைத் துண்டின் நடுவில் நீலமாக ஒரு கோடு. மையில் தோய்த்து இழுத்தது போல, லேசாக வலப்பக்கம் சாய்ந்து.

தேன்மொழி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். துடைப்பக்கட்டை எங்கேயோ விழுந்தது. ஐயா சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நானும் சுற்றினேன், சிரித்தேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நீளம், அதே சாய்வு. என் கை எனக்குத் தெரியாதா?

ஐயா எங்கள் இரண்டு பேரையும் ஒருத்தர் பின் ஒருத்தராக அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். நல்லது நடந்தாலும் அதே நாற்காலிதான். பென்சில் சீவினார். நான் பதினான்கு நம்பர் சொன்னேன். பாய் கடை, கூட்டம், ஐஸ் உருகியது, மூன்று தரம் அலசியது, எல்லாம் சொன்னேன். ஈர்க்கைச் சொல்லவில்லை. அஞ்சலை செய்தது என்றால் யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காத பெயர், அதை வாய் திறந்து கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"தாமதமானதுல ஏதோ இருக்கு" என்றார் ஐயா. அதனால் இரண்டாவது குழாயை எடுத்தபோது, வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் காக்கவைத்து, ஐஸ் உருகவிட்டு, பதினான்கு நம்பரையும் அப்படியே செய்தார்கள். நீலம் வரவில்லை. ஒரு பொட்டு இல்லை.

தேன்மொழி அழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, "ஒருவேளை அன்னிக்கு நான்தான் எதையோ தப்பா செஞ்சிருப்பேன் அஞ்சலம்மா. எதுன்னே தெரியலயே" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செய்யாத தப்பை அவள் தன்மேல் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குழாய்க்குத் திங்கட்கிழமை என்று நாள் வைத்தார்கள். நான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, ஐயா அறைக்குப் போய், சொல்லாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முந்தானையிலிருந்து ஈர்க்கை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது என்னங்க?"

"பதினைஞ்சாவது நம்பருங்க ஐயா."

சொன்னேன். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். சீவிக்கொண்டே இருந்தார். பாதிப் பென்சில் போய்விட்டது.

"அஞ்சலை அம்மா" என்றார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். "சிரமம் பாக்காம ஒண்ணு சொல்ல முடியுங்களா. எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம் வழிச்சீங்க?"

"மேலேருந்து கீழே. லேசா வலப்பக்கம் சாய்ஞ்சிடுச்சுங்க."

"எவ்வளவு அழுத்தமா?"

"சின்னக் குழந்தைக்கு நாக்கு வழிக்கற அழுத்தங்க. ரத்தம் வரக் கூடாது, வெள்ளை மட்டும் வரணும்."

அதை அப்படியே எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தார். தோள் குலுங்கியது. பத்து வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நாலு வருஷமா வைரஸ மாத்துனோம், அளவ மாத்துனோம், சூட்ட மாத்துனோம். வீட்டுக்குள்ள போகாதவன குத்தம் சொல்லிட்டே இருந்தோம். சுவத்த யாரும் பாக்கலீங்க. நீங்க சுவத்தயே சுரண்டி விட்டுட்டீங்க."

"வேலையில இருக்கட்டுங்களா ஐயா?"

"இல்லாம? இன்னிக்கு நீங்கதான் வழிக்கணும். வேற யாரு கையும் எனக்கு வேணாம். ஆனா ஒண்ணு. முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு குழாய் மிச்சம் ஆயிருக்கும். அதயும் எழுதிக்கறேன்."

எழுதினார். அது இன்றைக்கும் அந்த நோட்டில் இருக்கும்.

தேன்மொழியிடம் நானே போய்ச் சொன்னேன். "ஒரு வாரமா என் கையையே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் அஞ்சலம்மா" என்றாள். பிறகு அவளே, "சரி வாங்க, ஈர்க்க எடுங்க" என்றாள்.

கடைசிக் குழாயை மூன்றாகப் பிரித்தார்கள். மூன்று தொண்டைத் துண்டு. ஒன்றைத் தொடவே இல்லை. இரண்டாவதில் சளியை மட்டும் மருந்துத் தண்ணீர் விட்டு முழுக்கக் கரைத்து எடுத்தாள் தேன்மொழி. மூன்றாவதை நான் வழித்தேன். அதே சாய்வு, அதே அழுத்தம், இம்மி பிசகவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் நின்ற இரண்டு படித்தவர்களும்தான் மூச்சுவிட மறந்தார்கள்.

இரண்டு நாளும் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கதவைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. சாயம் ஊற்றி எடுத்த காலையில் மூவரும் ஒன்றாகக் குனிந்தோம். முதல் துண்டு வெறும் வெள்ளை. இரண்டாவதில் தேன்மொழி எண்ணினாள்: நாலே நாலு பொட்டு. மூன்றாவதில், இழுத்த இடத்தில், இழுத்த சாய்வில், நீலக் கோடு.

யாரும் கத்தவில்லை. தேன்மொழி ஒரு மல்லாட்டையை உரித்து, பருப்பும் தோலுமாக ஐயா கையில் வைத்தாள். அவர் பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அவள் சிரிக்க, நான் சிரிக்க, தோலை மென்றுகொண்டே அவரும் சிரித்தார். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அரைமணி நேரம் சிரித்தோம்.

பிறகுதான் அவர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். சளி மட்டும்தான் தடை என்றால் இரண்டாவது துண்டும் நீலமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆக, சளிக்கு அடியிலும் ஏதோ இருக்கிறது. செல்லின் மேல்பக்கமே ஒரு மதில். வெல்லப்பாகு பூசியது போல இனிப்புப் பொருளால் ஆன ரோமப் போர்வை ஒன்று அதன்மேல் படர்ந்திருக்கிறது. செல்லுக்குச் செல் இடுக்கில்லாமல் ஒட்டியிருக்கிறது. வைரஸ் பிடித்து ஏறும் கதவோ, தெருப்பக்கம் இல்லாமல் கொல்லைப்பக்கம், அதாவது செல்லின் அடியில் இருக்கலாம் என்றார். நான் வழித்தபோது மேல் வரிசை பெயர்ந்து, கொல்லைப்பக்கம் திறந்துகொண்டது.

"அப்போ குழந்தைங்களுக்கும் வழிச்சிடலாங்களா?" என்று கேட்டேன்.

"நுரையீரல்ல ஈர்க்கு விட முடியாதுங்களே. அந்த மதில் வீட்ட காப்பாத்தறதுக்கு இருக்கறது. இடிக்காம உள்ள போற வழி என்னன்னு இனிமேதான் தேடணும்" என்றார்.

தேன்மொழியின் தலைப்பு மாறவில்லை, கேள்விதான் மாறியது. அவள் புத்தகமாக எழுதி முடிக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. கடைசி வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஐயா என்னையும் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பெரியவர் பக்கங்களைத் திருப்பி ஓர் இடத்தில் நிறுத்தினார். "தென்னை ஈர்க்குனு போட்டிருக்கீங்க. அழுத்தத்த எதுல அளந்தீங்க?"

"அளக்கலைங்க சார். எல்லாத் துண்டும் ஒரே ஆளு கையால செஞ்சது. அவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழுந்தேன். பையில் எப்போதும் ஓர் ஈர்க்கு இருக்கும். முன்னால் போய், "கைய நீட்டுங்க சார்" என்றேன். தயங்கித்தான் நீட்டினார். உள்ளங்கையில் மேலிருந்து கீழாக ஒரு வழி வழித்தேன்.

அவர் கையையே பார்த்தார். "இவ்வளவு லேசாவா?"

"இதுக்கு மேல போனா ரத்தம் வரும் சார். இதுக்குக் கம்மின்னா நீலம் வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தேன்மொழியைப் பார்த்து, "அடுத்த பக்கத்துக்குப் போலாம், டாக்டர்" என்றார்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கயலு, எழுதினதெல்லாம் இப்ப படிச்சுக் காட்டு. மெதுவா படி, நடுவுல நீ சிரிக்காத. சிரிக்கற எடம் வந்தா நான் சொல்றேன்.